எழுத்து விளையாட்டுகளுக்கும் இடம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி விளையாட்டுகளைக் காட்சி நேர்த்தியால் மட்டுமே மதிப்பிடுவது, எழுத்தாலேயே உருவான விளையாட்டுகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்று கருதுகிறேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலக் குகைகளைத் தாம் நேரில் ஆராய்ந்த அனுபவத்தைக் கொண்டு நிரலாளர் வில் கிரவுதர் உருவாக்கி, 1977-இல் மற்றொரு நிரலாளரான டான் வுட்ஸ் விரிவுபடுத்திய 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' விளையாட்டில் படமே கிடையாது. ஓரிரு சொற்களில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே குகைக்குள் நகர வேண்டும். அங்கே கைவிளக்கு அணைந்துவிட்டால் இருளில் பள்ளத்தில் விழ நேரும் என்பதால், சாதாரணப் பொருளைக் குறித்த வரியைக்கூட ஆடுபவர் கூர்ந்து படிக்கிறார். வாசிப்புக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன். திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு பார்வையற்றோரும் ஆடக்கூடிய இவ்வகை விளையாட்டுகளைப் பற்றியும் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் தொடர்ந்து எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்