ஆட்டுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்ன 2025 நவம்பர் உத்தரவு வரை பேச்செல்லாம் மனிதர்களைப் பற்றியதாகவே இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பகுதிகளில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து குதறிப்போடும் ஆடுகளுக்காக, செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் போராடிய பிறகும், சட்டத்தில் ஒரு வரிகூடச் சேரவில்லை.

எங்கள் பக்கம் கொறங்காடு என்பது கிளுவை வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம். பகலில் அங்கே மேயும் செம்மறிகளை இரவில் அங்கேயே பட்டியில் அடைத்துவிட்டு வீடு திரும்புவது தலைமுறை வழக்கம். சென்ற ஆண்டு ஒரு நாள், பால் கறந்து ஊற்றிவிட்டு விடிந்தும் விடியாமலும் பட்டிக்குப் போனேன். பதினொரு ஆடுகள் கழுத்திலும் தொடையிலும் கடிபட்டுக் கிடந்தன. தின்றது என்று பார்த்தால் ஒன்றிரண்டில் கொஞ்சம்தான். குடல் சரிந்து கிடந்த சினையாடு ஒன்று என் குரலைக் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தது. மிரண்ட ஆடுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில் இரண்டு குட்டிகள், உடம்பில் ஒரு கடிகூட இல்லாமல், மூச்சு முட்டிச் செத்திருந்தன. தப்பியவற்றிலும் மூன்று அடுத்த சில நாட்களில் கருக்கலைந்து குட்டி வீசிவிட்டன. அந்த நட்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

வந்தவற்றில் ஒரு நாயின் கழுத்தில் பட்டை இருந்ததைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்திருக்கிறார். ஆயினும் வளர்த்தவர் மீது என்ன புகார் கொடுப்பது? விலங்கை அசட்டையாக விடுபவரைத் தண்டிக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 291ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையை மட்டுமே பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளோ, கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. பிடித்த இடம் ஆட்டுப் பட்டியின் ஓரமாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. பிரிட்டனில் 1953ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் வந்துவிட்டது. செம்மறிகள் அடைபட்ட வயலில் நாயைக் கட்டுப்பாடின்றி விட்டாலே, அது கடிக்காவிட்டாலும், பொதுவாகக் குற்றம்தான். ஸ்காட்லாந்து 2021இல் அபராதத்தின் உச்சவரம்பை 40,000 பவுண்டாக உயர்த்தி, 12 மாதம் வரை சிறைத் தண்டனையையும் சேர்த்தது.

நாயைக் கொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. பட்டிக்குக் காவல் நாய் வைத்துப் பிழைக்கும் குடியானவர்கள் நாங்கள். நாய் வளர்ப்பவர் அதைக் கட்டிப்போட வேண்டும், அது ஆட்டைக் கடித்தால் அதன் விலையை அவர் தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆளில்லாத நாய்களுக்கு ஒன்றியந்தோறும் கருத்தடை மையம் வேண்டும். வாய்க்கால் கரையில் மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவைக் கொட்டிச் செல்லும் வண்டிகளைப் பிடித்தாலே பாதிக் கூட்டம் கலைந்துவிடும் என்பது என் அனுபவம்; நாய்க்கூட்டம் இறைச்சி ருசி பழகுவது அங்கேதான்.

இழப்பீட்டையும் அவ்வப்போது வரும் அறிவிப்பாக விட்டுவிடாமல் உரிமையாக்கி, சினையாட்டுக்கும் குட்டிக்கும் சந்தை விலைப்படி வழங்க வேண்டும். அதற்குப் பிரேதப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். எங்கள் பட்டியில் ஆடுகள் செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருத்துவர் மறுநாள்தான் வர முடிந்தது. அதற்குள் வெயிலில் உடல்கள் ஊதிவிட்டன. விடுமுறை நாளிலும் அன்றைக்கே வந்து பார்த்துச் சான்று தர ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கால்நடை மருத்துவரையாவது அரசு பொறுப்பில் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்பவர் ஒருவர்,
காங்கேயம் வட்டம்.