அண்ணா, அந்தக் குகையைப் பற்றி

அண்ணா,

பத்திரத்தில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூரியரில் வரும். என் போனை நீ எடுப்பதில்லை, இங்கே எழுதுவதைப் படிக்கிறாய் என்று அண்ணி சொன்னார். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் தொகையைப் பற்றிப் பேசப்போவதில்லை.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைக்குள் அன்று வழிகாட்டி சொன்ன 'லிட்டில் ஃபுட்' என்ற மனித மூதாதை வகை எலும்புக்கூட்டின் கதைதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விலங்கு எலும்புப் பெட்டியொன்றில் ஆய்வாளர் ரான் கிளார்க் 1994-இல் கண்டெடுத்த நான்கு பாத எலும்புகள். பிறகு கிடைத்த கால் எலும்பு, சுண்ணாம்புக்கு வைத்த வெடியில் முறிந்தது. மீதி குகைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று, 1997-இல் அந்தக் கால் எலும்பின் வார்ப்பைத் தன் உதவியாளர்கள் ஸ்டீஃபன் மொட்சுமியிடமும் ங்க்வானே மொலெஃபேயிடமும் கொடுத்தனுப்பினார். கைவிளக்கோடு அந்த இருட்டைத் துழாவி, இரண்டே நாளில் முறிந்த முனை பொருந்தும் இடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

"கிளார்க் மேதை" என்றாய். "தேடியது அவர்கள் இரண்டு பேர்" என்றேன். "சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதானே?" என்று சிரித்தாய்.

அப்பாவின் பதினாறாம் நாளில் டாக்டருக்கு நன்றி சொன்னாய், சமையற்காரருக்கும் சொன்னாய். கிளார்க்காவது அந்த இருவரின் பெயரைச் சொன்னார்.

சரி, என் தப்பும் இருக்கிறது. அப்பாவுக்கு முடியாமல் போனதும் உனக்குச் சொல்லாமல் நான்கு நாள் மறைத்தேன். நீ பதறுவாய் என்றது சாக்கு. அந்த நாட்கள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். மன்னித்துவிடு. அதற்காக நான்கு நாளும் நீ வராத ஏழு வருடமும் ஒன்றாகிவிடாது.

அன்று குகைப் படி இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்திருந்த அப்பா, "உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டார். அவர் கைத்தடியை வாங்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்திலேயே நீ நடித்துக் காட்டினாய். 36.7 லட்சம் ஆண்டுக்கு முந்தைய ஜீவன் (அவ்வளவு பழசில்லை என்பவர்களும் உண்டு, அதை அப்பாவிடம் நீ சொல்லவில்லை). கையைவிடக் கால் நீளம் என்று நிமிர்ந்து நடந்தாய். மரமேறும் தோள் என்று தடியைத் தூக்கித் தொங்குவது போலச் செய்தாய். குழிக்குள் விழுந்து கிடந்த கோலத்தில் ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் காட்டினாய், கைக்குழந்தை மாதிரி. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏழு வருடம் கூடவே இருந்தேன். என்னால் ஒருநாளும் அவரை அப்படிச் சிரிக்க வைக்க முடியவில்லை.

வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. கைத்தடியை நான் எடுத்துக்கொண்டேன், கேட்காதே.