நியூகாசில் கதையில் வெஸ்ட் எண்டை விழுங்கிவிடாதீர்கள்

தமிழில் கால்பந்து வர்ணனை செய்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். 2025 மார்ச்சில் வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கியது. 1955க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை. அன்றிலிருந்து அந்த அணியின் பூர்வீகத்தையும் நாலு வார்த்தை சொல்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அடிக்கடி கேட்கிற வரி ஒன்று உறுத்துகிறது: 1892இல் அதே ஊரின் ஈஸ்ட் எண்ட், வெஸ்ட் எண்ட் என்ற இரண்டு அணிகளும் இணைந்து யுனைடெட் ஆனதாம்.

இணையவில்லை. ஒன்று கடையைக் கட்டியது, மற்றது அந்த இடத்துக்குக் குடிவந்தது. இரண்டும் மோதிக்கொண்ட ஒரு பருவத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

1889-90. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ஃபுட்பால் லீக்கில் 12 அணிகள். ஆறு லங்காஷயர் பக்கம், ஆறு மத்திய இங்கிலாந்து. வடகிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. சரி, நமக்கு நாமே என்று அந்தப் பகுதிக்காரர்கள் 1889இல் நார்தர்ன் லீக்கை ஆரம்பித்தார்கள். முன்னின்றவர் டார்லிங்டனைச் சேர்ந்த சார்லஸ் சாமுவேல் கிரேவன். முதல் பருவத்தில் பத்து அணிகள்: ஆக்லண்ட் டவுன், பர்ட்லி, டார்லிங்டன், டார்லிங்டன் செயின்ட் அகஸ்டின்ஸ், எல்ஸ்விக் ரேஞ்சர்ஸ், மிடில்ஸ்பரோ, சவுத் பேங்க், ஸ்டாக்டன், அப்புறம் நம் ஈஸ்ட் எண்டும் வெஸ்ட் எண்டும்.

இந்தப் பட்டியலை ஒருமுறை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்லண்ட் பக்கத்து நிலக்கரியை டார்லிங்டன் வழியாக ஸ்டாக்டன் துறைக்குக் கொண்டுபோக 1825இல் திறந்த ரயில் பாதை, 1830இல் மிடில்ஸ்பரோ வரை நீண்டது. கரி போன தடத்திலேயே அறுபது வருஷம் கழித்துப் பந்தும் போயிருக்கிறது. எல்ஸ்விக், ஆம்ஸ்ட்ராங் என்ற தொழிலதிபரின் பீரங்கித் தொழிற்சாலை இருந்த நியூகாசில் பேட்டை. சனிக்கிழமை மதியம் வேலை விட்டதும் மேட்ச்.

அந்த மேட்ச் எப்படி இருந்திருக்கும்? கோல் கம்பத்தில் வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று சண்டை போட வசதி. பெனால்டி கிடையாது. ஆளுக்கொரு பாதியாக இரண்டு அம்பயர்கள்; அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் வெளியே நிற்கும் ரெஃப்ரியிடம் முறையிட வேண்டும். இதெல்லாம் மாறியது 1891இல்தான். வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். பற்றி மணிக்கணக்கில் பேசுகிறீர்களே, இதையும் ஒரு நாள் பேசலாம்.

அந்தப் பருவத்தின் சாம்பியன் டார்லிங்டன் செயின்ட் அகஸ்டின்ஸ், ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பெயரைத் தாங்கிய அணி. பிற்காலத்தில் பெரிய பெயரெடுத்த நியூகாசிலுக்கும் மிடில்ஸ்பரோவுக்கும் கிடைக்காத முதல் பட்டம் அவர்களுக்கு. இன்று அந்த அணியே இல்லை.

மிடில்ஸ்பரோவில் அதே பருவத்தில் வேறு கூத்து. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று 1885லேயே அனுமதி வந்துவிட்டது. தரலாமா கூடாதா என்று கிளப்புக்குள் சச்சரவு. 1889 கடைசியில் ஒரு கூட்டம் பிரிந்துபோய் ஐயனோபோலிஸ் என்று புது அணி கட்டியது. ஊரில் இருந்ததெல்லாம் இரும்பு ஆலை, பெயரும் இரும்புநகரம். அடுத்த பருவம் நார்தர்ன் லீக்கில் சேர்ந்து வரிசையாக மூன்று முறை சாம்பியன். பிறகு ஃபுட்பால் லீக்கின் இரண்டாம் பிரிவில் ஒரே ஒரு பருவம். 1894இல் மூடிவிட்டார்கள்.

இப்போது நியூகாசிலுக்கு வருகிறேன். செயின்ட் ஜேம்ஸ் பார்க், அந்தச் சரிவான புல்வெளி, 1886இலிருந்து வெஸ்ட் எண்டின் வீடு. ஈஸ்ட் எண்ட் ஆடியது ஊரின் கிழக்கே, ஹீட்டனில். நார்தர்ன் லீக்கின் முதல் பருவத்தில் இந்த இரண்டில் மேலே முடித்தது வெஸ்ட் எண்ட்தான். இரண்டு வருஷம் கழித்து, 1892இல், பணம் தீர்ந்து கலைந்ததும் அதே வெஸ்ட் எண்ட்தான். மைதானக் குத்தகை எதிராளிக்குப் போனது. ஆட்டக்காரர்கள், நிர்வாகிகளில் சிலரும் பின்னாலேயே போனார்கள். டிசம்பரில் ஈஸ்ட் எண்ட் தன் பெயரை நியூகாசில் யுனைடெட் என்று மாற்றிக்கொண்டது. 'யுனைடெட்' என்ற அந்தச் சொல்தான் உங்களையும் ஏமாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் பல வருஷம் ஏமாந்தவன்தான்.

என் வேண்டுகோள் சின்னது. 'இணைந்து' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 'வெஸ்ட் எண்ட் கலைந்தது, ஈஸ்ட் எண்ட் அங்கே குடிபோனது' என்று சொல்ல ஐந்து விநாடி கூடப் பிடிக்காது. அடுத்த முறை கேமரா அந்த மைதானத்தை மேலிருந்து காட்டும்போது, ஆட்டம் தொடங்குமுன் எப்படியும் ஓர் இடைவெளி கிடைக்குமே, அப்போது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வர்ணனையைச் சத்தம் குறைக்காமல் கேட்கும் ஒரு ரசிகன்