நாளைய சி (C) புரோகிராமிங் லேப்: வருமுன் பார்க்க வேண்டியவை

எல்லோருக்கும் வணக்கம். நேற்று பலருக்கும் இடறியது ஒரே இடத்தில்தான். மதுரை என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 7 எழுத்து. ஆனால் கேர் அர்ரேயில் (எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடம்) 8 இடம் வேண்டும். கடைசி இடம் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) முடிவதைக் காட்டும் நல் (null) எழுத்துக்கு. (தமிழிலேயே எழுதினால், எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட், நல்லோடு 16. அவசியம் செய்து பாருங்கள்!)

அப்புறம் பப்பிள் சார்ட், அதாவது பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, பெரியது முன்னால் இருந்தால் இடம் மாற்றி வரிசைப்படுத்தும் முறை. 5 எண்கள் என்றால் முதல் சுற்றில் 4 ஒப்பீடுதான். ஐந்தாவதுக்குப் போனால் அர்ரேக்கு வெளியே கிடப்பதையும் எடுத்து ஒப்பிடும், சி தடுக்காது. ஒரு சுற்றில் எதுவுமே இடம் மாறவில்லையா, அங்கேயே நிறுத்திவிடலாம்.

34, 7, 21, 3, 15: இதை நோட்டில் கையால் போட்டுவிட்டு வாருங்கள். முதல் சுற்று முடிவில் 7, 21, 3, 15, 34 வர வேண்டும். வராவிட்டால் இங்கேயே கேளுங்கள், இரவு பத்து வரை இருப்பேன்.