இரண்டு மணி நேரத்தில் இருபது கீசெயின்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பதின்ம வயதினருக்கு நூலகங்களில் நடத்தும் தொழில்நுட்பப் பயிலரங்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு 3டி பிரிண்டர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் இருபது பிள்ளைகளும் ஆளுக்கொரு கீசெயினோடு வீடு திரும்பலாமாம். கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவராவது உங்கள் அலுவலகத்தில் இருப்பார் என்றே இன்னமும் நம்புகிறேன்.

பெயர் பொறித்த சின்னக் கீசெயின் ஒன்றுக்கு அரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். இருபதுக்குப் பத்து மணி நேரம். பிரிண்டரின் ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடுக்கிவிடலாமே என்பீர்கள். அடுக்கலாம், நேரம் பெரிதாகக் குறையாது. நடுவில் ஒன்று பெயர்ந்து, உருகிய பிளாஸ்டிக்கை ஊற்றும் முனையான நாசிலில் ஒட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். பெயராமல் இருக்குமா? பிள்ளைகள் தட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். விரலின் எண்ணெய்ப் பசையே போதும், முதல் அடுக்கு பிடிக்காது. ஒவ்வொரு முறையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பி.எல்.ஏ. என்ற வகைப் பிளாஸ்டிக் என்றால் தட்டை 60 டிகிரிக்கும் நாசிலை 200 டிகிரியை ஒட்டியும் சூடாக்க வேண்டும். உறை பிரித்துப் பல வாரம் கிடந்த ஃபிலமென்ட், அதாவது பிரிண்டருக்குள் போகும் பிளாஸ்டிக் இழை, ஈரத்தைக் குடித்துவிட்டுப் படபடவென்று பொரியும், நூல் நூலாக இழுக்கும். கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. பளபளக்கும் இயந்திரத்தின் படத்துக்கு மட்டும் அரைப் பக்கம்.

இருபது பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்கக் காகிதச் சுற்று இருக்கிறது, அட்டையில் டேப் ஒட்டி விளக்கு எரிய வைக்கும் மின்சுற்று. ஆளுக்கு ஒரு சி.ஆர். 2032 நாணய பேட்டரி, இரண்டு எல்.இ.டி., ஒரு முழம் காப்பர் டேப், கெட்டி அட்டை. அதில் பாதியளவு உபரியாகக் கையில் இருக்கட்டும். மூலையில் டேப்பை வெட்டி ஒட்டக்கூடாது, மடித்துத் திருப்ப வேண்டும். பல டேப்புகளின் அடிப்பசை மின்சாரத்தைக் கடத்தாது. சிவப்பையும் நீலத்தையும் ஒரே பேட்டரியில் இணையாக மாட்டினால் சிவப்பு எரியும், நீலம் மங்கும் அல்லது எரியவே எரியாது. சிவப்புக்குக் குறைந்த வோல்ட் போதும், மின்னோட்டம் முழுக்க அந்த வழியே போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லிக் கெடுக்காதீர்கள், அவர்களே தலையைச் சொறியட்டும். ஆனால் பேட்டரிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வீட்டில் தம்பி தங்கை விழுங்கினால் தொண்டை வெந்துவிடும்.

எழுத உட்கார்ந்த பிறகு இன்னொன்றையும் விட மனமில்லை. பொதுக் கணினிகளை மறுபடி தொடங்கினால் எல்லாவற்றையும் துடைத்துப் பழையபடி வைக்கும் மென்பொருளைப் பல நூலகங்களில் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி ஒட்டிய ஒலிப்பதிவு ஒரே நொடியில் போகும். போன பிள்ளை திரும்ப வருவதில்லை. நிரல் எழுதிப் பழகும் சின்னச் சுற்றுப்பலகையான மைக்ரோபிட், கணினியில் யு.எஸ்.பி. டிரைவாகத் தெரியும், யு.எஸ்.பி. டிரைவைப் பூட்டி வைத்த கணினியில் நிரல் கோப்பை அதில் எப்படி இழுத்துப் போடுவதாம்? இதைக் கேட்டால் "பாதுகாப்பு" என்று ஒரு சொல்லில் பதில் வரும்.

வருகைப் பதிவேடு வேறு. பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று மேலிடத்தில் முகம் சுளிக்கிறார்கள். 2009இல் சிகாகோவின் ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் பதின்ம வயதினருக்கான யூமீடியா என்ற கூடம் தொடங்கியபோது சும்மா உட்கார்ந்து பேசவும் அங்கே இடம் வைத்தார்கள், கலைஞர்களையும் வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். தாங்கள் அறியாததல்ல. இங்கே பணம் முழுக்க இயந்திரத்துக்கே போய்விடுகிறது. அடைத்துப்போன 0.4 மி.மீ. நாசிலுக்கு மாற்று வாங்கக் காசில்லை, பக்கத்தில் நிற்க ஆளும் இல்லை. திறப்பு விழாப் படம் மட்டும் அழகாக வந்துவிடும், அதையும் தாங்களே போடுவீர்கள்.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த இதழில், எவ்வளவு பொடி எழுத்தானாலும் சரி, "இருபது" என்பதை "மூன்று, தவறினால் இரண்டு" என்று திருத்திப் போடுங்கள். பெற்றோர் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துவந்து என் மேசையில் வைக்கிறார்கள். அவர்களிடம் எடுத்துக் காட்ட எனக்கும் ஒரு துண்டுக் காகிதம் வேண்டும்.

இப்படிக்கு,
பதின்ம வயதினர் பிரிவு நூலகர்