ஆகப் பெரிய சத்தம் போடுற பிக்கப் எது என்று கேட்பவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அண்ணை, உங்களிட்ட இருக்கிறதிலேயே ஆகப் பெரிய சத்தம் போடுற ஹம்பக்கரை இதுக்குப் பூட்டித் தாங்கோ." றொக், மெற்றல் வாசிக்கும் தம்பிமார் கடைக்குள் வந்ததும் முதலில் சொல்வது இதைத்தான். ஹம்பக்கர் என்பது கிற்றார்ப் பிக்கப்பில் ஒரு வகை. போனில் ஒரு படமும் இருக்கும். நாங்கள் உடனே எடுத்துக் கொடுக்காமல், என்ன அம்ப் (ஓசையைப் பெருக்கும் பெட்டி), என்ன சுருதி, எங்கே வாசிக்கிறீர்கள் என்று விசாரணை வைப்பதால் சிலருக்கு எரிச்சல். போன மாதம் ஒருவர், "காசு தாறன் எண்டாலும் சாமான் தராத கடை" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டே போனார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஏன் கேட்கிறோம் என்பதை ஒரு தடவை எழுதி வைத்தால் இரண்டு பக்கமும் நேரம் மிச்சம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிக்கப் வாங்கக் காசு வேண்டும் என்று பிள்ளை கேட்டால் பயப்பட வேண்டாம். பரந்தனில் இருந்து வந்த ஐயா ஒருவர், மகன் வாகனம் எடுக்கப் போகிறான் என்று நினைத்து இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லையாம். இது உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். எலெக்ட்ரிக் கிற்றாரில் தந்திகளுக்குக் கீழே இருந்து, அவற்றின் அதிர்வை மின்னாக்கி அம்புக்கு அனுப்புவது.

வன்னியில் வளர்ந்த, நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இதன் வேலையைச் சுலபமாகச் சொல்லலாம். மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் றேடியோ கேட்டோமே, அதே சங்கதிதான். டைனமோவுக்குள் காந்தம் சுற்றுகிறது, பக்கத்தில் செப்புக் கம்பிச் சுருள், மின் பிறக்கிறது. பிக்கப்பில் காந்தமும் சுருளும் அசையாமல் இருக்க, காந்தத்தின் பிடிக்குள் நிற்கும் இரும்புத் தந்தி அதிர்கிறது. அது அதிரும் போக்கிலேயே சுருளில் மின் பிறக்கிறது. சுற்றியிருக்கும் கம்பி தலைமயிரை விடக் கொஞ்சம் மெல்லியது. ஒரு சுருளில் 5,000 சுற்று என்பது சாதாரணம்.

ஒற்றைச் சுருளில் ஒரு தொல்லை உண்டு. அது தந்தியை மட்டும் கேட்காது. நமது மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருவது. ரியூப் லைற், டிரான்ஸ்போமர், லைற் டிமர் எல்லாம் காற்றில் விடும் அந்த உறுமலையும் சுருள் பிடித்து அம்பில் "உம்ம்ம்" என்று விடும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுருள், ஒன்றின் காந்த முனை வடக்கு என்றால் மற்றதற்குத் தெற்கு, இணைப்பும் எதிரெதிர். வெளியில் இருந்து வரும் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். தந்தியின் ஓசைக்கோ காந்தமும் மாறி, சுற்றும் மாறியதால் இரண்டும் சேர்ந்து பெருக்கும். இந்த இரட்டைச் சுருள் பிக்கப்தான் ஹம்பக்கர். 1957இல் இது கிற்றார்களில் வந்தது. அம்பின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, உச்சத்துக்குத் திருப்பி வாசிக்கிற இசைக்கு ஹம்பக்கர் இல்லாமல் சரிவராது என்பது இதனால்தான். கெயின் ஏற ஏற உறுமலும் அதே அளவுக்கு ஏறும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹம்பக்கர் எர்த் பிழையைத் தீர்க்காது. திருவிழா மேடையில் ஜெனரேற்றரில் ஓடும் அம்பில், மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை விட்டுவிட்டு இரண்டு முள்ளில் சொருகி ஓட்டுகிறார்கள். மைக்கில் வாய் பட்டதும் உதட்டில் அடிக்கும் அடி அங்கேயிருந்து வருவது. உறுமலோடு போனாலும் பரவாயில்லை, உயிரோடு விளையாட வேண்டாம். உங்கள் கிற்றார் வீட்டில் அமைதியாகவும் மேடையில் இரைந்துகொண்டும் இருந்தால் பிக்கப்பில் காசு போட முன்னர் அந்த வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இது எங்களுக்கு வியாபாரம் இல்லாத ஆலோசனைதான்.

இனி அந்த "பெரிய சத்தம்" கதைக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்துத்தான் தம்பிமார் தெரிவு செய்கிறார்கள். 8 போட்டிருந்தால் சின்னன், 16 போட்டிருந்தால் அதன் இரு மடங்கு. இது பிழை. அந்த எண் கம்பியின் தடை, சத்தம் அல்ல. கம்பியை இன்னும் மெல்லியதாக எடுத்தால், சுற்று கூடாமலே எண் ஏறும். இரணைமடு வாய்க்காலை ஒடுக்கினால் தண்ணீருக்குத் தடை கூடும். அதனால் வயலுக்குக் கூடுதலாகத் தண்ணீர் வருகிறது என்று எந்தக் கமக்காரரும் சொல்ல மாட்டார். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அந்த எண்கூட நிலையாக நிற்காது. செம்பின் தடை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 20 பாகையில் 16.4 காட்டுவது 35 பாகையில் 17.4 காட்டும். மல்ரிமீற்றரோடு வந்து "நீங்க தந்தது வேற சாமான்" என்று சண்டை பிடித்த ஒருவருக்கு, காலையில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும் அளந்து காட்டினோம். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

கூடிய சத்தம் என்ற ஆசைக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1972இல் டிமார்சியோ கொம்பனி சூப்பர் டிஸ்ரோர்சன் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தபோது அம்ப்களில் இன்றைய அளவு கெயின் இல்லை. பிக்கப் தள்ளுகிற தள்ளில்தான் அம்ப் கரகரக்க வேண்டும். இன்று போனில் இறக்கும் இலவச அப்பிலேயே அளவுக்கு மிஞ்சிய கெயின் கிடக்கிறது. அதற்கு மேலே பெரிய பிக்கப்பையும் பூட்டினால் என்ன நடக்கும்? கனத்த தந்தியை உள்ளங்கையால் அமத்தி "டக் டக்" என்று அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியே கேட்க வேண்டும். அது ஒன்றோடொன்று ஒட்டி ஒடியற்கூழ் ஆகிவிடும். கூழில் எல்லாம் கலந்து கிடப்பது ருசி, ரிவ்வில் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார்த் துண்டில்) இல்லை.

ஆகவே சத்தத்தை விட, அடித்தொனி எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்று பாருங்கள். இதில் காந்தத்துக்குப் பங்கு உண்டு. அல்னிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ற் சேர்ந்த உலோகம். செரமிக் என்பது பழைய ஸ்பீக்கரின் முதுகில் பார்த்திருப்பீர்களே, அந்தக் கறுப்பு வளைய இனம். பொதுவாக அல்னிக்கோ கொஞ்சம் இளகி, விரலின் மென்மை வன்மையைக் காட்டும். செரமிக் போட்டவை பெரும்பாலும் கடுமையாக, கூராக, அடியில் இறுக்கமாக இருக்கும். காந்தம் மட்டும் முடிவு செய்வதில்லை, சுற்றின் எண்ணிக்கையும் கம்பியும் சேர்ந்துதான். சீமோர் டங்கன் கொம்பனியின் ஜேபி என்ற ஹம்பக்கர் அல்னிக்கோ 5 (அல்னிக்கோவில் ஒரு தரம்) போட்டது. அதை மென்மையானது என்று சொல்லிப் பாருங்கள், மெற்றல்காரர் சிரிப்பார்கள்.

எங்கள் அபிப்பிராயம் இது. சாதாரண சுருதியிலோ டிரொப் டீயிலோ (கனத்த தந்தியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்குவது) வாசிப்பவருக்கு, தந்தியின் அடிப்பக்கமான பிரிட்ஜ் பக்கம் நடுத்தர வலுவுள்ள அல்னிக்கோ 5 போதும். தேவாலயப் பாடல் குழுவிலும் வாசிப்பவர் என்றால் கட்டாயம் அதுதான், ஒரே கிற்றாரில் ஞாயிறு காலையும் சமாளிக்கலாம். அதைவிட இறங்கிய டிரொப் சீக்கும் கீழே இறக்குபவர், ஏழு தந்திக்காரர், செரமிக் பக்கம் வரலாம். நெக் (கழுத்து) பக்கத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், வலுக் குறைந்த அல்னிக்கோ ஒன்று.

சுருதி இறக்கும் கதை என்றதும் பிளாக் சபத் குழுவின் கிற்றார்காரர் ரொனி அயோமி நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தின் பேர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, 17 வயதில், வலது கையின் நடு விரலிலும் மோதிர விரலிலும் நுனி போயிற்று. அவர் இடது கைக்காரர், தந்தியை அமத்துவது அந்த வலது கை. பிளாஸ்ரிக் சவர்க்காரப் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மெல்லிய தந்தி போட்டு, பிறகு சுருதியையும் இறக்கி வாசித்தார். ஹெவி மெற்றலின் அந்தக் கனத்த ஓசை அப்படிப் பிறந்தது. வேறு ஊர்களில் இதைக் கேட்டு வியப்பார்கள். இங்கே எங்கள் கடைக்கு வரும் ஒருவர் கேட்டுவிட்டு, "என்ன பிளாஸ்ரிக் எண்டு தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு மெல்லிய தந்தியும், சுருதியை அரைச் சுரம் இறக்கியும் வைத்துக் கொடுத்திருக்கிறோம். பிக்கப்பை மாற்றவில்லை, தேவைப்படவில்லை.

அப்புறம் பற்றரியில் ஓடும் அக்ரிவ் பிக்கப். அந்த வகையில் ஈஎம்ஜி 81 கேட்டு வருபவர்கள் மெற்றாலிக்கா இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெற்ஃபீல்டைப் பார்த்துத்தான் வருகிறார்கள், அதில் பிழை இல்லை. சுற்றுக் குறைந்த சுருள், உள்ளேயே ஒரு சின்ன அம்ப், 9 வோல்ற் பற்றரி. உறுமல் மிகக் குறைவு, நீளமான கேபிளிலும் ஓசை மங்காது, அடி இறுக்கம். நிறுவனம் சொல்லும் கணக்கில் ஒரு பற்றரிக்கு 3,000 மணித்தியாலம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜக் செருகியிருக்கும் நேரமெல்லாம் பற்றரி ஓடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். கேபிளைக் கழற்றாமல் மூலையில் சாத்தி வைத்தால் 125 நாளில் அந்த 3,000 முடிந்துவிடும். "பிக்கப் செத்துப் போச்சு" என்று முல்லைத்தீவில் இருந்து பஸ் ஏறி வந்த ஒருவருக்கு நாங்கள் செய்த திருத்தவேலை, பக்கத்துக் கடையில் பற்றரி வாங்கிப் போட்டதுதான். இன்னொன்று: இவற்றுக்கு 25 கிலோ ஓம் பொட் (ஓசையைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் உள்பாகம்) வேண்டும். சாதாரண ஹம்பக்கருக்கு 500. பழைய பிக்கப்பைத் திரும்பப் பூட்டும்போது 25ஐ மாற்ற மறந்தால், கிற்றாரைப் போர்வையால் மூடி வாசித்தது போல இருக்கும்.

எங்கள் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், வேறு ஆள் சொல்ல முன்னர். புதுக்குடியிருப்புத் தம்பி ஒருவருக்கு ஜேபி பூட்டினோம். அம்பில் போட்டால் ஓசை மெலிந்து, உறுமலும் பழைய மாதிரியே. தம்பி முகம் வாடிப் போயிற்று. பின்பக்க மூடியைத் திறந்து மல்ரிமீற்றரை வைத்தால் 16 வர வேண்டிய இடத்தில் 8. சுவரில் ஒட்டியிருந்த வயர்ப் படத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது டிமார்சியோவின் படம். அவர்கள் கணக்கில் சிவப்பு வெளியே போகும், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். சீமோர் டங்கனிலோ கறுப்பு வெளியே போக, வெள்ளையும் சிவப்பும் சேரும். இரண்டிலும் பச்சை எர்த்துக்கு. டங்கனின் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து ஈயம் வைத்ததால் ஒரு சுருளின் இரண்டு நுனியும் தங்களுக்குள்ளேயே முடிந்து, அது தூங்கிவிட்டது. மிச்சச் சுருள் தனியாக வாசித்திருக்கிறது. பத்து நிமிட வேலை, காசு எடுக்கவில்லை. இப்போது சுவரில் இரண்டு படம் ஒட்டியிருக்கிறது. வீட்டில் நீங்களே பூட்டுவதானால் நிறத்தை நம்ப வேண்டாம், அந்தக் கொம்பனியின் படத்தை நம்புங்கள்.

வாங்க முன்னர் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள், செலவு இல்லை. கடைசி பிரெற்றில் தந்தியை அமத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடைவெளியை அளவுங்கள். பிரிட்ஜ் பக்கம் 2 மில்லிமீற்றர் அளவில், நெக் பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட. மலிவுக் கிற்றார்கள் பலவற்றில் பிக்கப் குழிக்குள் புதைந்து கிடக்கும். பக்கத்துத் திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றினால் பாதிப் பேருக்குப் புதிய பிக்கப்பே தேவைப்படாது. அதற்காக ஒரேயடியாக உயர்த்தவும் வேண்டாம். காந்தம் தந்தியை இழுத்து, சுருதி தள்ளாடும்.

அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், பிரிட்ஜில் முதல் தந்தியின் நடுவில் இருந்து ஆறாம் தந்தியின் நடுவுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து எங்களுக்கு அனுப்புங்கள். 50 அளவில் வருவதற்கு ஒரு அகலம், 53 அளவில் வருவதற்கு வேறு அகலம். அக்ரிவ் என்றால் பின்குழியில் பற்றரிக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து அனுப்பினால் நல்லது.

ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்கு முந்திய இரண்டு கிழமையும் தேவாலயக் குழுக்களின் கிற்றார்கள் வரிசையாக நிற்கும். அந்த நாட்களில் பிக்கப் மாற்றும் வேலை எடுக்க மாட்டோம், தந்தி மாற்றுவது மட்டும்தான். மற்ற நாட்களில் காலையிலேயே வாருங்கள். கிற்றாரோடு, நீங்கள் மேடையில் பாவிக்கும் அதே கேபிளையும், தூக்க முடிந்தால் அம்பையும் கொண்டு வாருங்கள். கடை அம்பில் நல்லாய்க் கேட்பது உங்கள் அம்பில் எப்படிக் கேட்கும் என்று எங்களால் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உங்கள் கிற்றார்க் கடைக்காரர்,
ஏ9 வீதி, கிளிநொச்சி