சான் சுவிட்சின் ஆயுளையும் டெண்டரில் எழுதுங்கள்: பழைய வட ஆற்காடு வட்டாரக் கொள்முதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இயங்கும் மருத்துவமனைகள், கல்லூரிகள், கூட்டுறவு வங்கிகள், தோல் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் இருந்துகொண்டு இவ்வட்டாரத்து சர்வர் அறைகளில் ஸ்டோரேஜ் கருவிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் நான். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும், ஆம்பூரிலிருந்து அரக்கோணம் வரை எங்களுக்கு இன்னும் ஒரே வட்டாரந்தான். எல்லா இடங்களிலும் விலைப்புள்ளி கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒருவரே, பழுது என்றால் சென்னையிலிருந்து வந்து நிற்கும் பொறியாளர்களும் ஒருவரே, தொல்லைகளும் ஒன்றே. ஆகவே தனித்தனியாகச் சொல்லிவந்ததை உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறேன். ஸ்டோரேஜ் வாங்கும் டெண்டரில், சர்வரையும் வட்டுப் பெட்டியையும் இணைக்கும் சான் (SAN, ஸ்டோரேஜ் வலையமைப்பு) சுவிட்சைத் தனி உருப்படியாகக் காட்டுங்கள். அதற்கான ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எந்த ஆண்டு வரை வெளிவரும், அதைப் பதிவிறக்கும் உரிமை யார் பெயரில் இருக்கும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள கருவிகளுடன் அது பொருந்தும் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டா என்பவற்றுக்கு விலை உறையைத் திறப்பதற்கு முன்பே பதில் வாங்குங்கள்.

இப்போது நடப்பது வேறு. வட்டுப் பெட்டியின் கொள்ளளவும் விலையும் நான்கு பக்கங்களுக்கு விவாதிக்கப்படுகின்றன. சுவிட்ச் "இரண்டு எண்ணிக்கை, 24 போர்ட்" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அலுவலகக் கணினிகளை இணைக்கும் சாதாரண சுவிட்ச் ஒரு நிமிடம் நின்றால் ஊழியர்கள் சலித்துக்கொள்வார்கள், பிறகு எல்லாம் தானே சரியாகும். சான் சுவிட்ச் நின்றால் சர்வரின் பார்வையில் அதன் வட்டே காணாமற் போகிறது. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே விழும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் காட்டும் திரைகள் வெறுமையாகும். இதற்காகத்தான் இரண்டு சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்காமல், ஃபேப்ரிக் ஏ, ஃபேப்ரிக் பி என்ற தனித்தனி வலையமைப்புகளாக வைத்து, ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டுக்கும் கேபிள் இழுக்கிறோம்.

இந்தச் சுவிட்சுகளின் மென்பொருள் ஆயுள், இரும்புப் பெட்டியின் ஆயுளைவிடக் குறைவு. நம் வட்டாரத்தில் அதிகமாகக் காணப்படும் புரோகேட் வகையை எடுத்துக்கொள்வோம். ஹெச்.பி.இ., ஐ.பி.எம்., டெல் என்று முகப்பில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருப்பது பல இடங்களில் புரோகேட்டின் ஃபேப்ரிக் ஓ.எஸ். என்ற ஃபர்ம்வேர்தான், அந்த நிறுவனத்தை 2017-இல் பிராட்காம் வாங்கியது. 8 ஜிகாபிட் தலைமுறைச் சுவிட்சுகள் ஃபேப்ரிக் ஓ.எஸ். 7.4 வரிசையோடு நின்றுவிட்டன. 16 ஜிகாபிட் தலைமுறை 8.2 வரிசையோடு நின்றது. 9-ஆம் வரிசைக்கு 32 ஜிகாபிட், அல்லது அதற்குப் பிந்தைய பெட்டி வேண்டும். பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது, விசிறி சுற்றுகிறது, விளக்கு பச்சையாக எரிகிறது என்பதெல்லாம் இந்த எல்லையை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை. ஒரு தலைமுறையின் கடைசிக் காலத்தில், தள்ளுபடி விலை என்ற பெயரில், இருப்பிலுள்ள சுவிட்ச் உங்களுக்கு வந்து சேர்ந்தால், நீங்கள் போடும் ஏழாண்டுத் திட்டத்தில் பாதிக் காலம் புதிய ஃபர்ம்வேர் இல்லாமலே கழியும். விலை ஒப்பீட்டுப் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால், எல்-1 (மிகக் குறைந்த விலைப்புள்ளி) ஆக வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட சுவிட்சாகவே இருக்கிறது.

அடுத்தது வேகப் பொருத்தம். "பழையதோடும் வேலை செய்யும் சார்" என்று விற்பனையாளர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. சான் சுவிட்சுகள் பேசும் இணைப்பு முறையான ஃபைபர் சேனலில், கேபிளுக்காகப் போர்ட்டில் செருகும் ஓர் எஸ்.எஃப்.பி. ஒளிச்செருகி தன் வேகத்தையும் அதற்குக் கீழே இரண்டு படிகளையும் பேசும்: 32 ஜிகாபிட் செருகி 32, 16, 8 பேசும், 16 ஜிகாபிட் செருகி 16, 8, 4 பேசும். அதற்குக் கீழே உள்ள கருவியுடன் இணைப்பே எழாது. உங்களில் பலரிடம் பேக்கப்புக்கு இன்னும் எல்.டி.ஓ.-4 டேப் டிரைவ் இருக்கிறது. அதன் ஃபைபர் சேனல் வேகம் 4 ஜிகாபிட். புதிய 32 ஜிகாபிட் சுவிட்ச் வந்து, எல்லாப் போர்ட்டுகளிலும் 32 ஜிகாபிட் செருகிகளே செருகப்பட்டால், சர்வரும் வட்டும் ஓடும், டேப் மட்டும் இறந்துகிடக்கும். இவ்வட்டாரத்து நிறுவனம் ஒன்றில் இது பொருத்தும் நாளன்றுதான் தெரியவந்தது. டேப்புக்காகவே பழைய சுவிட்சைத் தனியாக ஓட்டும் நிலை நெடுநாள் நீடித்தது. 32 ஜிகாபிட் சுவிட்சில் இரண்டு போர்ட்டுகளுக்கு மட்டும் 16 ஜிகாபிட் செருகி கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அல்லது எல்.டி.ஓ.-6 டிரைவுக்கு மாறலாம். அது 8 ஜிகாபிட் பேசும், எல்.டி.ஓ.-4 டேப்புகளைப் படிக்கவும் செய்யும். 64 ஜிகாபிட் சுவிட்ச் வாங்க நினைப்பவர்களுக்கோ இந்த 4 ஜிகாபிட் வழி அடைபட்டுவிட்டது. எந்தப் போர்ட்டில் எந்தச் செருகி என்ற அட்டவணையை வாங்கும் முன்பே கேட்டு வாங்குவதற்கு ஒரு காகிதம் போதும்.

செருகியிலும் ஒரு கண்ணி உண்டு. சுவிட்ச் தயாரிப்பாளரின் முத்திரை பெறாத எஸ்.எஃப்.பி.யைப் போட்டால், புரோகேட் சுவிட்சு அதைச் செல்லாத செருகி என்று அறிவித்து அந்தப் போர்ட்டை எழவிடாது. சென்னை ரிட்சி தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கும் செருகிகளைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பு எழுந்துவிட்டாலும் பொருத்தம் முடிந்துவிட்டது என்று எண்ண முடியாது. 8 ஜிகாபிட் வேகத்தில், தரவு ஓடாத இடைவெளியில் இரு முனைகளும் பரிமாறிக்கொள்ளும் நிரப்புச் சொல் எது என்பதில் பழைய கருவிகளும் புதியவையும் வேறுபடும். போர்ட் அமைப்பில் அதைச் சரிப்படுத்தாவிட்டால் விளக்கு பச்சையாகவே எரியும், பிழைக் கணக்கு மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும்.

எழுத்துச் சான்று என்று நான் மேலே சொன்னது கற்பனையான ஆவணம் அன்று. ஹெச்.பி.இ.க்கு ஸ்பாக், நெட்ஆப்புக்கு ஐ.எம்.டி., ஐ.பி.எம்.முக்கு எஸ்.எஸ்.ஐ.சி., டெல்லுக்கு ஈ-லேப் நேவிகேட்டர் என்று ஒவ்வொரு ஸ்டோரேஜ் நிறுவனமும் ஒரு பொருத்தப் பட்டியலை வைத்திருக்கிறது. எந்த வட்டுப் பெட்டி, எந்த ஃபர்ம்வேர் உள்ள எந்தச் சுவிட்ச், சர்வரைச் சானுடன் இணைக்கும் எச்.பி.ஏ. அட்டை எது, அதன் டிரைவர் எந்தப் பதிப்பு, மேலே எந்த இயங்குதளம் என்று முழுச் சங்கிலியும் ஒரு வரியாக அதில் சோதித்துப் பதியப்பட்டிருக்கும். உங்கள் அமைப்பு அந்த வரிகளுள் ஒன்றில் இல்லையென்றால், அது ஓடாது என்று பொருளில்லை. கெட்டுப்போகும் நாளில் உதவி கிடைக்காது என்று பொருள். நடுநிசியில் வட்டு மறைந்து, தொலைபேசியில் ஸ்டோரேஜ் நிறுவனத்தாரைப் பிடித்தால், "உங்கள் சுவிட்ச் பதிப்பு எங்கள் பட்டியலில் இல்லை, முதலில் அதை மேம்படுத்திவிட்டு அழையுங்கள்" என்பார்கள். சுவிட்ச் விற்றவரோ "ஆதரவு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஃபர்ம்வேர் தர முடியாது" என்பார். இரண்டும் விதிப்படி சரியான பதில்கள் என்பதுதான் எரிச்சலூட்டுவது. இடையில் நிற்பவர் உங்கள் கணினிப் பிரிவு ஊழியர். அவரைக் கடிந்துகொள்ளும் முன், ஆதரவு ஒப்பந்தப் புதுப்பிப்பிலிருந்து சுவிட்சை வெட்டிச் செலவைக் குறைத்தது எந்தக் கூட்டம் என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

சங்கிலியின் மறுமுனையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2020-இல் வந்த வி.எம்.வேர் வி-ஸ்பியர் 7 (ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) பழைய வகை டிரைவர்களை முற்றாக விட்டொழித்தது. அந்த டிரைவரையே நம்பியிருந்த அட்டைகளுள்ள சர்வர்கள் 6.7-இல் தங்கிவிட்டன. ஒரு கண்ணியை மட்டும் புதுப்பித்தால் மற்றவை பின்தங்கும் என்பதால், ஃபர்ம்வேர் மேம்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சங்கிலிக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

அந்த மேம்பாட்டைப் பற்றி நிர்வாகங்களுக்குள்ள அச்சம் மிகையானது என்பது என் கருத்து. புரோகேட் சுவிட்சில் ஃபர்ம்வேருக்கு இரண்டு பகுதிகள் உண்டு. புதியது ஓடாத பகுதியில் எழுதப்படும். பிறகு சுவிட்சின் கட்டுப்பாட்டு மூளை மட்டும் மறுதொடக்கம் பெறும். அந்தச் சில நிமிடங்களிலும் தரவைக் கடத்தும் சில்லுகள் தம் வேலையைத் தொடரும். புதிதாக யாரும் உள்நுழைய முடியாதே தவிர, ஏற்கெனவே ஓடும் போக்குவரத்து ஓடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: வரிசைகளைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 7.4-இல் உறைந்துபோன ஒரு 16 ஜிகாபிட் சுவிட்சைத் தரவு நிற்காமல் 8.2-க்குக் கொண்டுபோக இடையிலுள்ள வரிசைகளில் தங்கித் தங்கித்தான் ஏற வேண்டும். அந்த இடைப் பதிப்புக் கோப்புகளுக்கும் பதிவிறக்க உரிமை வேண்டும். பல ஆண்டுகள் தொடாமல் விட்டவர்களுக்கு வேலை கடினமாவது இதனால்தான். மற்றபடி, அமைப்பைக் கோப்பாக எடுத்து வெளியே வைப்பது, வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பது, ஃபேப்ரிக் ஏ-யை முடித்து ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பாதைகளும் திரும்பிவிட்டனவா என்று பார்த்த பிறகு, முடிந்தால் ஒருநாள் விட்டு, பி-யைத் தொடுவது என்ற ஒழுங்கு போதும். பல இடங்களில் ஒரு பாதை எப்போதோ அறுந்து யாரும் கவனிக்காமல் கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கை வைத்தால் மட்டுமே பேரிழப்பு வரும். இதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணி நேரம் எழுத்து மூலம் ஒதுக்கித் தாருங்கள். அரசுப் பொதுத்தேர்வு, பல்கலைக்கழகத் தேர்வு முடிவு, ஏற்றுமதி மாதக் கடைசி ஆகியவை வராத ஒரு ஞாயிறாக அது இருக்கட்டும்.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அதை மிகைப்படுத்திப் பயமுறுத்தவும் விருப்பமில்லை. 2025 ஏப்ரலில், ஃபேப்ரிக் ஓ.எஸ். 9.1 வரிசையின் ஒரு பிழை உண்மையிலேயே தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசா பட்டியலிட்டது. நிர்வாகி உரிமை உள்ளவர் சுவிட்சின் முழுக் கட்டுப்பாட்டையும் பெற அது வழிவிட்டது, 9.1.1டி7 பதிப்பில் திருத்தப்பட்டது. புதிய பெட்டி வாங்கியதோடு வேலை முடியவில்லை என்பதற்கு இது சான்று. பழைய பெட்டிகளின் சிக்கல் வேறு வகை. அவற்றை உலாவி வழியாக நிர்வகிக்கும் வெப் டூல்ஸ் ஜாவா செருகுநிரலைக் கேட்கும். குரோம் 2015-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலும் அதைக் கைவிட்டன. விளைவு, அந்தச் சுவிட்சைத் திறப்பதற்காகவே யாரோ ஒரு விண்டோஸ் 7 கணினியை அலமாரிக்குள் உயிரோடு வைத்திருக்கிறார்கள், சுவிட்சைவிட அதுவே பெரிய ஓட்டை. கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், எல்லாக் கருவிகளின் கடிகாரங்களையும் என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கவும், சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. நான் பார்க்கும் சான் சுவிட்சுகளில் பலவற்றின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே இல்லை. இதைச் சரிசெய்யப் பணமே தேவையில்லை.

நம் ஊர் வெயிலுக்காக ஒரு வார்த்தை. கேபிள் பக்கத்திலிருந்து காற்றை இழுப்பது, கேபிள் பக்கமாக வெளியேற்றுவது என்று சான் சுவிட்சுகள் இருவகைக் காற்றோட்டத்தில் வருகின்றன. விசிறி, மின்வழங்கி இரண்டும் அந்த வகைக்கே பொருந்த வேண்டும், கலந்து போட முடியாது. சுவிட்சுக்குள் வரும் காற்று 40 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பதே பெரும்பாலான சுவிட்சுகளுக்கான வரம்பு. கத்திரி வெயிலில் ஏ.சி. நின்றால் வேலூரில் அந்த வரம்பைத் தொட வெகுநேரம் ஆகாது. ரேக்கின் எந்தப் பக்கம் குளிர்க்காற்று வருகிறது என்று பார்த்து, காற்றோட்ட வகையை ஆர்டரிலேயே குறிப்பிடுங்கள். உதிரி விசிறியை அதே வகையில் ஒன்று கையிருப்பில் வையுங்கள்.

பழையதை எல்லாம் தூக்கி எறியச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 8.2-இன் கடைசிப் பதிப்பில் இருக்கும் ஒரு 16 ஜிகாபிட் சுவிட்ச், நிர்வாக இணைப்பு தனி வலையமைப்பில் ஒதுக்கப்பட்டு, பேக்கப்பையோ சோதனைச் சர்வர்களையோ சுமந்தால், இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும். மறுவிற்பனைப் பெட்டி வாங்குவதையும் நான் முற்றாக எதிர்க்கவில்லை. போர்ட் உரிமங்கள் அந்தப் பெட்டியின் அடையாள எண்ணோடு கூடவே வரும், ஃபர்ம்வேர் உரிமை அப்படி வராது என்பதை அறிந்து வாங்கினால் சரி.

டெண்டரில் சேர்க்க வேண்டிய வாசகம் சிறியது. சுவிட்ச் வழங்கப்படும் நாளில் அந்த மாதிரியின் விற்பனை நிறுத்த அறிவிப்பு வந்திருக்கக் கூடாது. தயாரிப்பாளரின் ஆதரவு முடியும் தேதி, நிறுவும் நாளிலிருந்து ஏழாண்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும், அல்லது தெரிந்த தேதியை எழுதித் தர வேண்டும். ஃபர்ம்வேர் பதிவிறக்கக் கணக்கு வெண்டர் பெயரில் இல்லாமல் வாங்கும் நிறுவனத்தின் பெயரில் பதிவாக வேண்டும். பொருத்தப் பட்டியலின் அச்சுப்படியில், இணையவுள்ள ஒவ்வொரு சர்வர், டேப், வட்டுப் பெட்டிக்கும் உரிய வரி குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு ஃபர்ம்வேர் மேம்பாடு விலைக்குள் அடங்க வேண்டும். இந்த நிபந்தனைகளைத் தொழில்நுட்பத் தகுதிப் பகுதியில் வையுங்கள், விலைப் பகுதியில் வைத்தால் அடிபட்டுப் போகும். வரும் நிதியாண்டுக்கான கொள்முதல் பட்டியலை இறுதி செய்யும் முன் உங்கள் கணினிப் பிரிவிடம், இப்போது ஓடும் ஒவ்வொரு சான் சுவிட்சின் மாதிரி எண்ணையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு ஸ்டோரேஜ் பராமரிப்பாளர்